மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்கு ஒரு நாள்: எதை முதலில் பார்ப்பது

கொழும்புக்குப் போகிற ஒவ்வொரு முறையும் பொலன்னறுவையைக் கடந்துதான் போகிறோம், ஆனால் இறங்கிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர்தான். சோழர் தலைநகராக வைத்து ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட ஊர் அது. விடியவே வெளிக்கிட்டால் ஒரு நாளில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

ரயிலோ பஸ்ஸோ, கதுருவெலயில் இறங்குங்கள். பொலன்னறுவை ஸ்டேஷனே அங்கேதான் இருக்கிறது, பழைய நகரம் அங்கிருந்து 4 கிலோமீற்றர் அளவில் வரும். அங்கே கடை வைத்திருக்கிற முஸ்லிம் ஆட்கள் பலர் தமிழ் பேசுவார்கள், அதனால் சிங்களம் வராதே என்று யோசிக்க வேண்டாம். இடிபாடுகள் நீளத்துக்குக் கிடப்பதால் நடந்து முடியாது; வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுங்கள், வயதானவர்கள் வந்தால் ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கூட இருந்தால் முதலில் நூதனசாலைக்குப் போய் அவர்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

எல்லாரும் தெற்கே அரண்மனையில் தொடங்கி வடக்கே போவார்கள், அப்படிப் போனால் கல் விகாரைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். விகாரைகளில் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன முதல் தடவை கல்லிலும் மணலிலும் கால் வைக்க முடியாமல் அவர் மர நிழலிலேயே நின்றுவிட்டார், அவ்வளவு தூரம் வந்தும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் எப்போதும் தலைகீழாகத்தான் போகிறேன்: காலையில் நேரே கல் விகாரை, அப்புறம் தெற்கே இறங்கி வருவது. தடித்த காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

கல் விகாரை முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்து வேலை. ஒரே பாறையில் குடைந்த சிலைகள். படுத்திருக்கும் புத்தர் 14 மீற்றர், நிற்கும் உருவம் 7 மீற்றர். படுத்திருப்பவரின் தலையணையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தலையின் பாரத்தில் துணி அமுங்கிய மாதிரிக் கல்லில் ஒரு குழிவு செதுக்கியிருக்கிறார்கள். கால் பாதங்கள் ஒன்றோடொன்று நேராக இல்லை, ஒன்று சற்றுப் பின்வாங்கியிருக்கும். பரிநிர்வாணத்தை, அதாவது புத்தரின் இறுதி மறைவைக் காட்டும் குறி அது. சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க வேண்டாம்.

வரும் வழியில் லங்காதிலகம் என்ற புத்தர் கோவிலின் உயர்ந்த சுவர்களுக்கிடையே தலையில்லாத பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு, இரண்டாம் சிவாலயத்துக்குத் திரும்புங்கள். பலர் விட்டுவிடுகிற இடம் இதுதான், எனக்கு அது மனவருத்தம். 1017இல் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்த சோழர் 1070 வரை இங்கே ஆண்டார்கள், அந்தக் காலத்தில் எழுந்த வானவன்மாதேவி ஈஸ்வரம் இது. முழுக்கக் கல்லால் கட்டியது, விமானம் அப்படியே நிற்கிறது. சுவரில் தமிழ் எழுத்து இருக்கிறது. முதலில் கீறல் மாதிரித்தான் தெரியும். வெளிச்சம் சாய்வாக விழும்போது கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் ஒரு ‘க’, ஒரு ‘ன’ என்று பிடிபடும். உள்ளே லிங்கம் இருக்கிறது, பூ வைத்துக் கும்பிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நீங்களும் வீட்டிலிருந்து நாலு பூ கொண்டு போங்கள்.

அடுத்தது தலதா மளுவை, பல பழைய கட்டிடங்கள் சேர்ந்து நிற்கும் முற்றம். அங்கே வட்டமான கோவிலான வட்டதாகேயின் வாசலில், படிக்குக் கீழே அரைவட்டமாகக் கிடக்கும் சந்திரவட்டக்கல்லைக் கவனியுங்கள். அனுராதபுரத்துக் கற்களில் காளை செதுக்கியிருக்கும், இங்கே இல்லை. நந்தியை இந்துக்கள் வணங்குவதால் காலில் மிதிபடக் கூடாதென்று விட்டார்கள் என்பது பலரும் சொல்லும் காரணம். நிசங்கமல்லன் என்ற மன்னனின் பெரிய கல்வெட்டான கல்பொத்த, அதாவது கல் புத்தகம், பக்கத்திலேயே கிடக்கிறது. அட்டதாகே என்ற கட்டிடத்துக்கு அருகே நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள்: புத்தரின் புனிதப் பல்லைக் காப்போம் என்று வேளைக்காரர் என்ற படையினர் தமிழில் எழுதிக் கொடுத்த வாக்கு. பிள்ளைகளோடு போனால் இதன் முன்னால் நிறுத்திக் கதை சொல்லுங்கள்.

தெற்கே முதலாம் சிவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது, கல்லும் கல்லும் பொருந்திய நேர்த்தியைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். இங்கே கிடைத்த வெண்கலச் சிலைகள் பல கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன. அரண்மனை கடைசியில்.

சோற்றுப் பார்சலை இடிபாடுகளுக்குள் பிரிக்காதீர்கள், குரங்கு விடாது. பராக்கிரம சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் கட்டில் காற்று வாங்கிக்கொண்டு சாப்பிடலாம். சொந்த வாகனம் என்றால் மூன்றரைக்கெல்லாம் வெளிக்கிடுங்கள், இருட்டினால் வெலிகந்தை, புணானைப் பக்கம் யானை ரோட்டில் நிற்கும்.