தளம் போடுவதற்கு முந்தின நாள் சைட்டுக்குப் போங்கள்

கட்டட வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் காங்கிரீட் ஊற்றும் நாளில்தான் கிளம்புகிறார்கள். அன்றைக்கு மிக்சர் சத்தத்தில் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. முந்தின நாள் சாயங்காலம் போங்கள். சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்) அடித்து, கம்பி கட்டி முடித்திருப்பார்கள். மறுநாள் மறையப்போவது எல்லாம் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

1. கிளம்பும் முன்

வீட்டுக்காரரிடமோ இன்ஜினியரிடமோ அனுமதி வாங்குங்கள். தடித்த அடி உள்ள ஷூ, ஹெல்மெட், டேப், நோட்டு போதும். செருப்பு வேண்டாம், சென்ட்ரிங் பலகையில் ஆணி எங்கே நீட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. படம் எடுக்கும் முன், "மேஸ்திரி அண்ணே, எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

2. முதலில் கீழே

மேலே ஏறும் அவசரம் வேண்டாம். கடலூர் பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை, அதனால் சின்ன வீடுகளில் இரும்பு ஜாக்கியைவிடச் சவுக்கு முட்டுதான் அதிகம். ஒவ்வொரு முட்டின் அடியிலும் பலகை இருக்கிறதா? மணலில் வெறுமனே ஊன்றியிருந்தால் ஈரக் காங்கிரீட்டின் பாரத்தில் இறங்கிவிடும். முட்டுகளைக் குறுக்காகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

3. அப்புறம் மேலே, கம்பி

இங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். கம்பிக்குக் கம்பி இடைவெளியை நாலைந்து இடத்தில் அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கம்பி சரியான கனம்தானா என்று பார்க்க, அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் கிடைக்கும். 10 மி.மீ. கம்பி என்றால் சுமார் 617 கிராம்.

அடுத்து குனிந்து கம்பிக்கு அடியில் பாருங்கள். கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்த நடுவே வைக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக்தான் நம் ஊரில் வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. உப்புக்காற்றின் குளோரைடு காங்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கீழ்ப்பக்கக் காங்கிரீட் வெடித்துப் பெயரும். கடற்கரைச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தும் ஐஎஸ் 456 என்ற இந்தியக் காங்கிரீட் தர விதி, கம்பிக்கு வெளியே 45 மி.மீ. காங்கிரீட்டும் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரமும் கேட்கிறது. பாதிப்பு மிகக் குறைந்த சூழலுக்குச் சொல்லும் 20 மி.மீ. அளவை இங்கேயும் அப்படியே வைப்பதைப் பார்ப்பீர்கள். பிளாக்குக்குப் பதிலாக ஜல்லியைச் சொருகியிருப்பதையும் பார்ப்பீர்கள். எனக்கு அது கோபம் வரவழைக்கும் காட்சி.

4. பொருட்கள் கிடக்கும் இடம்

சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். நெய்வேலி பக்கத்தில் இருப்பதால் சாம்பல் செங்கலும் நிறைய வரும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்.

பலரும் கேட்க மறக்கும் கேள்வி தண்ணீர். கடலோர போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

5. ஊற்றும் நாளில்

ஓரமாக நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கலவை இளக வேண்டும் என்று யாராவது ஹோஸால் தண்ணீர் விடுகிறார்களா? வலிமையைச் சோதிக்க 150 மி.மீ. கியூப் (கனசதுரக் காங்கிரீட் கட்டி) எடுத்தால் 7, 28 நாள் சோதனை எங்கே நடக்கும் என்று விசாரியுங்கள்.

6. திரும்பவும் ஒருமுறை

4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குச் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டில் (ஓபிசி) 7 நாளாவது முட்டு நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் 14 நாள். முட்டு பிரித்ததும் சிமென்ட் பால் பூசி மறைப்பதற்குள் போய் அண்ணாந்து பாருங்கள். தேன்கூடு போல ஓட்டை இருந்தாலோ கம்பியின் கோடு தெரிந்தாலோ, முந்தின நாள் எடுத்த படத்தில் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள்.