ஊரில் கொலை விழுந்த செய்தி வந்தால்: நெல்லைச் சீமையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ரூம், சிம் கார்டு, பேங்க் கணக்கு பற்றியெல்லாம் கூட வேலை பார்ப்பவர்களே சொல்லித் தந்துவிடுவார்கள். ஊரில் கொலை விழுந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இப்படி ஒரு போன் என்றாவது வரலாம். சாதிக் கொலையாக இருக்கலாம். 2018 மே 22-ல் தூத்துக்குடியில் 13 பேர் செத்த துப்பாக்கிச் சூடு போலவோ, 2020 ஜூனில் சாத்தான்குளத்து அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தது போலவோ இருக்கலாம்.

வீட்டிலிருந்து தகவல் வருவதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் வீடியோ வந்துவிடும். பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் அப்புறம் கண்ணை மூடினாலே அதுதான் வரும். பார்வர்டு செய்யவும் வேண்டாம். வளைகுடா நாடுகளில் ஆத்திரத்தில் போடுகிற ஒரு பதிவு ஜெயில் வரை கொண்டுபோகும்.

கிளம்பலாமா என்று யோசிப்பவர்களுக்கு: நோயில் போனவர் என்றால் மறுநாளே எடுத்துவிடுவார்கள். கொலை அப்படியில்லை. போஸ்ட்மார்ட்டம் உண்டு. ‘கைது பண்ணினால்தான் உடலை வாங்குவோம்’ என்று சொந்தக்காரர்கள் உட்கார்ந்துவிட்டால் நாள் கணக்காகும். அதனால் ‘இனி போய் என்ன’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற சித்தப்பாவையோ மாமாவையோ கூப்பிட்டுக் கேளுங்கள். துட்டி வீட்டுக்கு, அதாவது இழவு வீட்டுக்கு, போன் அடித்து இதைக் கேட்காதீர்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் வசதி, அங்கிருந்து நாகர்கோவில் வழியாகக் காரில் வந்துவிடலாம்.

2018-ல் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் நெட்டை நிறுத்திவிட்டார்கள். அதனால் சாதாரண ஐஎஸ்டி காலுக்குக் கொஞ்சம் பேலன்ஸ் எப்போதும் இருக்கட்டும்.

போக முடியவில்லையா, சரி, போனிலாவது துட்டி கேளுங்கள், துக்கம் விசாரியுங்கள். மெசேஜ் போதாது. பகலில் கூட்டமும் அழுகையுமாக இருக்கும். ராத்திரி ஆள் கலைந்த பிறகு கூப்பிடுங்கள். ‘எப்படி நடந்தது’ என்று கேட்காதீர்கள், அதை அவர்கள் போலீசுக்கும் டிவிக்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருப்பார்கள். அழுதால் அழட்டும், லைனில் இருங்கள். நாள் தள்ளிப்போய்விட்டதே என்றும் தயங்க வேண்டாம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன 17 பேர் தாமிரபரணியில் செத்தது 1999 ஜூலை 23. அந்தத் தேதியில் இன்றைக்கும் ஆற்றில் பூப்போடுகிறார்கள்.

இன்னொன்று, இதுதான் கஷ்டமானது. ஒரே ரூமில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு சாதிக்காரர்கள் இருப்பீர்கள். கொன்றவன் உங்கள் சாதி என்றால், நீங்கள்தான் முதலில் எழுந்துபோய்த் துட்டி கேட்க வேண்டும். ‘பெரிய அநியாயம்ண்ணே’ என்று சொன்னால் போதும். ‘ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு’ என்று இழுக்காதீர்கள். சாதி வாட்ஸ்அப் குரூப்பில் பழிக்குப் பழி என்று எவனாவது எழுதினால், அதற்கு ஒரு லைக் கூடப் போடாமல் வெளியே வாருங்கள். செத்தவர் உங்கள் ஆள் என்றாலும் இதேதான். அங்கே அரிவாள் எடுக்கப்போவது பிளஸ் டூ படிக்கிற உங்கள் தம்பியாக இருக்கும்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் வீடு வெறிச்சென்றாகிவிடும். பணம் அனுப்புவதென்றால் அப்போது அனுப்புங்கள், கேஸ் செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். யாராவது சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தால் 14416-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். ஒவ்வொரு வாய்தா தேதியையும் போனில் குறித்து வையுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் கூப்பிட்டு, ‘கோர்ட்டுல என்ன சொன்னாங்க சித்தி’ என்று கேளுங்கள்.