தைராய்டு புற்றுநோய் பற்றி ஊர்க்கூட்டத்தில் பேசுவது எப்படி?

மகளிர் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப் போகிறவர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் ஒரு தம்ளர் தண்ணீரும் எடுத்துச் செல்வது நல்லது. தாடையைச் சற்று உயர்த்தி, குரல்வளைக்கும் காறையெலும்புக்கும் இடைப்பட்ட பகுதியைக் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு மிடறு விழுங்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருப்பதால், அதில் கட்டி இருந்தால் விழுங்கும்போது அதுவும் மேலேறி இறங்கும். குரல்வளையின் புடைப்பும் அவ்வாறே ஏறி இறங்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாதிப்பேர் அதையே கட்டி என்று எண்ணிக் கலங்குவார்கள்.

இத்தகைய கட்டிகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது புற்றுநோய் அல்ல என்பதையும் உடனே சொல்ல வேண்டும். பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் வருகிறது. சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் அப்பகுதிக் குழந்தைகளிடையே இந்நோய் பெருகியதற்குக் கதிரியக்க அயோடினே காரணம். கட்டி விரைவாக வளர்ந்தாலோ, குரல் கம்மல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டினாலோ தள்ளிப்போடக் கூடாது.

"தைராய்டு டெஸ்ட் நார்மல்தானே வந்தது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அந்த இரத்தப் பரிசோதனை சுரப்பி வேலை செய்யும் அளவை மட்டுமே காட்டும். புற்றுநோய் உள்ள பலருக்கும் அது சரியாகவே இருக்கும். கட்டியின் தன்மையை முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்து, சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துச் சோதிப்பார்கள். அறிக்கையில் பெதஸ்டா முறைப்படி 1 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும்: 2 என்றால் சாதாரணக் கட்டி, 6 என்றால் புற்றுநோய், 3, 4 என்றால் இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது என்பதையும், அதனால் நோய் பரவுவது மிக மிக அரிது என்பதையும் பொறுமையாக விளக்குங்கள்.

முகாம் போட்டு எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கலாமே என்று ஊர்ப் பெரியவர்கள் ஆர்வத்துடன் முன்வந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். தென் கொரியாவில் அப்படிச் செய்ததில், 2011க்குள் கண்டறியப்பட்டவர்கள் 1993ஐவிட 15 மடங்கு பெருகினார்கள். இறப்பு விகிதமோ குறையவில்லை. தேவையற்ற அறுவைச் சிகிச்சையும் வாழ்நாள் மாத்திரையுமே பலருக்கு மிச்சம்.

கூட்டம் முடிந்ததும் சற்று நேரம் அங்கேயே இருங்கள். முந்தானையால் கழுத்தை மூடியபடி யாராவது ஒருவர் தனியே வந்து கேட்பார். பழைய அறிக்கைகளை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கோ செல்லுமாறு அவரிடம் எழுதிக் கொடுங்கள்.