நெருக்கமாக ஒலிக்கும் ஜாஸ் கிட்டார்: எதிலிருந்து தொடங்குவது, எதைக் கவனிப்பது

ஜாஸ் கிட்டாருக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விரல்களின் வேகத்தையே தேடிக் கேட்கிறார்கள். ஒருவர் வாசிக்கையில் உடன் வாசிப்பவர் எவ்வளவு இடம் விடுகிறார் என்பதைக் கவனித்துப் பழகினால், குறைந்த கலைஞர்களைக் கொண்ட அமைதியான ஒலிப்பதிவுகள் விரைவில் பிடிபடும். ஆகவே பெரிய குழுக்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, இருவர் மட்டும் வாசித்த இசைத்தட்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

என் தேர்வு, பியானோக் கலைஞர் பில் எவன்ஸும் கிட்டார் கலைஞர் ஜிம் ஹாலும் 1962-இல் பதிவுசெய்த ‘அண்டர்கரன்ட்’. பியானோ, கிட்டார் இரண்டுமே கார்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை) வாசிக்கக்கூடியவை என்பதால், ஒன்றன் ஒலியை மற்றொன்று மூடிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. அதை இவர்கள் தவிர்க்கும் விதம்தான் இந்தப் பதிவின் உயிர். பலரும் மெதுவாக வாசிக்கும் ‘மை ஃபன்னி வாலன்டைன்’ இங்கே விரைந்து செல்கிறது. முதன்முறை அதை முழுமையாகக் கேளுங்கள். மறுமுறை, எவன்ஸ் தனியாவர்த்தனம் செய்யும் பகுதியில் பியானோவை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள்: டிரம்ஸோ, தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் தந்தி வாத்தியமான பாஸோ இல்லாத குறை தெரியாதபடி, ஒவ்வொரு தாள அடிக்கும் ஒரு கார்டு என ஹால் லயத்தைச் சுமந்து செல்வது கேட்கும். பின்னணி வாசிப்பில் இவ்வளவு நுட்பம் இருக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவை நான் அறியேன்.

ஒலியளவைக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் சத்தம் இருந்தால் ஹெட்ஃபோன் உதவும்.

அடுத்து, ஹால் பாஸ் கலைஞர் ரான் கார்ட்டருடன் வாசித்த ‘அலோன் டுகெதர்’. 1972-இல் மேடையில் பதிவான இதில் பாஸும் சரிநிகர் குரலாகவே பேசுகிறது. கிட்டார் கலைஞர் கென்னி பரல் 1963-இல் வெளியிட்ட ‘மிட்நைட் ப்ளூ’வில் கலைஞர்கள் கூடுதல், ஆனாலும் பியானோ இல்லாததால் கிட்டாரைச் சுற்றித் தாராளமான வெளி இருக்கிறது. அதிலுள்ள ‘சோல் லமென்ட்’டில் பரல் துணையின்றித் தனியே வாசிப்பதைத் தவறவிட வேண்டாம்.

கிட்டார் கலைஞர் ஜோ பாஸின் ‘வர்ச்சுவோசோ’வை (1973) சற்றுத் தள்ளி வையுங்கள். மெட்டு, கார்டு, பாஸ் நகர்வு ஆகிய மூன்றையும் ஒரே கிட்டாரில் அவர் ஒருவரே நிகழ்த்துவது வியப்பூட்டினாலும், அந்த அடர்த்தி புதிய செவியைக் களைப்படையச் செய்யும்; ஒரு அமர்வில் ஓரிரு பாடல்கள் போதும்.

பேட் மெத்தனியும் பாஸ் கலைஞர் சார்லி ஹேடனும் 1997-இல் வெளியிட்ட ‘பியாண்ட் த மிசூரி ஸ்கை’யை இவற்றுக்குப் பிறகே எடுக்கப் பரிந்துரைப்பேன். அட்டையில் இருவர் பெயரே இருந்தாலும், மெத்தனி தம் கிட்டாரின்மேல் மேலும் சில கிட்டார் பகுதிகளையும் பிற ஒலிகளையும் அடுக்கிச் சேர்த்திருக்கிறார். மேற்சொன்ன பதிவுகளில் பழகிய செவியால், எந்த இடத்தில் இருவர் மட்டும் இருக்கிறார்கள், எந்த இடத்தில் அடுக்கு சேர்கிறது என்பதைப் பிரித்தறிய முடியும்.