ஆயில் கூலரைக் கழுவும்போது

பல்சர் 220, ஹிமாலயன் 411 போன்ற பைக்குகளில் இன்ஜினுக்கு முன்பக்கம் சின்னதாக ஆயில் கூலர் இருக்கும். சேறும் பூச்சியும் அதில் அப்பிக்கொண்டால் காற்று புகாது, ஆயிலின் சூடு தணியாது. ஓட்டி வந்ததும் கை வைக்காதீர்கள். இன்ஜின் நன்றாக ஆறட்டும். அப்புறம் வண்டி ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து 10 நிமிடம் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் கூலரில் வரிசையாக இருக்கும் தகடுகள் ஓடும் திசையிலேயே தேயுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை மட்டும் தயவுசெய்து அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அந்த வேகத்தில் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும், நிமிர்த்துவது பெரும்பாடு. சாதாரண ஹோஸ் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து விட்டாலே அழுக்கு வந்த வழியே வெளியேறிவிடும். குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் நீங்களே முறுக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.