அப்பாவின் ரத்த உறைதல் தடுப்பு மாத்திரைகள்: கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை

அப்பாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இதயக் குழாயில் ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தபின், ரத்தம் உறையாமலிருக்க 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் 75 மில்லிகிராம் குளோபிடோக்ரலும் தினமும் சாப்பிட்டார். நான்காம் மாதம் ஒரு காலை, முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்தபடி கழிப்பறையிலிருந்து வந்தார். மூன்று நாளாக மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுவென்று போயிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையால்தான் என்று எண்ணி யாரிடமும் சொல்லவில்லை. மூட்டுவலிக்குத் தானே வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனாக், இரைப்பையைப் புண்ணாக்கியிருந்தது. அன்றிலிருந்து மாத்திரைப் பெட்டி என் பொறுப்பு.

முதலில் வலி மாத்திரைகளை வீட்டைவிட்டு அகற்றுங்கள். இபுபுரூஃபன் இன்னும் மோசம்: ரத்தம் உறையக் காரணமான தட்டணுவில் ஆஸ்பிரின் சேர வேண்டிய இடத்தில் முந்திப்போய் உட்கார்ந்து, அதன் பலனையே கெடுத்துவிடும். வலிக்குப் பாரசிட்டமால் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வயிற்றைக் காக்கும் மாத்திரையிலும் கவனம் வேண்டும். குளோபிடோக்ரல் கல்லீரலில் உருமாறிய பிறகே வேலை செய்யும். ஓமிபிரசோலும் எசோமிபிரசோலும் அதற்குக் குறுக்கே நிற்கின்றன. அப்பாவுக்குப் பான்டோபிரசோல் கொடுத்தார்கள்.

சர்க்கரைக்கு ரிபாக்ளினைட் சாப்பிடுபவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும். குளோபிடோக்ரல் அந்த மருந்தை உடலில் தேங்கவைப்பதால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்துச் சீட்டில் இரண்டும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் இழந்தபின் எடுக்கும் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பரிசோதனையையும் அப்படியே நம்ப வேண்டாம். புதிய சிவப்பணுக்கள் பெருகுவதால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம்.

ரத்தக்கசிவுக்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்புதான். அப்பாவுக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தபோது, ஐந்து நாள் நிறுத்தும்படி பல் மருத்துவர் சொன்னார். இதய மருத்துவரைப் போனில் கேட்டேன். ஒரு வேளைகூட விட வேண்டாம் என்றார். பிடுங்கிய குழியில் மடித்த துணிப்பஞ்சை வைத்து அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருந்தார் அப்பா. நான் பக்கத்தில் அமர்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தபோது லேசான சிவப்பு மட்டுமே. பெரிய அறுவை சிகிச்சைக்கு நிறுத்த வேண்டி வரலாம்; அதை ஸ்டென்ட் வைத்தவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இன்சுலின் போட்ட இடம் சிலசமயம் நீலம் பாரிக்கும். தேய்க்காமல் அழுத்திப் பிடித்தால் போதும். ஆனால் ரத்த வாந்தி, திடீரென்று வரும் கடுமையான தலைவலி, கால் மணி நேரம் அழுத்தியும் நிற்காத மூக்கு ரத்தம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் பிசுபிசுப்பும் குமட்டும் நாற்றமும் சேர்ந்திருந்தால் அது ரத்தம். பெரியவர்கள் இதைச் சொல்லக் கூசுவார்கள். நான் தினமும் காலையில் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன்.