பெயரும் பேச்சும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சர்நேம் என்ற இடம் காலியாக இருக்கிறதா? நம்மில் பலருக்கு அப்படித்தான் இருக்கும். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அமெரிக்க விசாவில் இது சிக்கலாகிவிடும். உங்கள் பெயர் முழுவதையும் சர்நேம் இடத்தில் போட்டுவிட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அந்த மூன்று எழுத்து ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை என்று போகிற இடமெல்லாம் கூடவே வரும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து வாங்கிவிடுங்கள். வந்த பிறகும் இந்தியத் தூதரகம் வழியாகச் செய்யலாம், ஆனால் அதற்குள் சேர்ந்துவிட்ட மற்ற ஆவணங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

பெரும்பாலோர் அப்பா பெயரையே கடைசிப் பெயராக வைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இளங்கோ சுப்பிரமணியன் ஆனேன். வந்த புதிதில் ஒரு மருத்துவமனையில் 'மிஸ்டர் சுப்பிரமணியன்' என்று கூப்பிட்டார்கள். அப்பா காலமாகி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. எழுந்து போவதற்குள் கண் கலங்கிவிட்டது. மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், மகளுக்கு என் பெயர். ஆக ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர்கள். பிள்ளையோடு பயணம் போகும்போது பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி வந்தால் உதவும்.

அலுவலகத்தில் என்ன பெயரில் அழைக்கச் சொல்வது என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். நான் செய்யவில்லை. யாரோ 'இலான்' என்றார்கள், சரி என்று விட்டுவிட்டேன். நான்கு வருடம் இலானாகவே இருந்தேன். போலந்து வம்சாவளிச் சக ஊழியர் ஒருவர்தான், உன் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டார். அவருடைய தாத்தா இங்கே வந்ததும் குடும்பப் பெயரைப் பாதியாக வெட்டிக்கொண்டாராம். முழுப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று இப்போது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அன்றிலிருந்து மின்னஞ்சலின் கீழே என் பெயரை எப்படிச் சொல்வது என்று அசை பிரித்து எழுதத் தொடங்கினேன். மூன்று முறை சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறார்கள். ழகரம் வராது, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

கப்பலில் வந்து குடியேறியவர்களை விசாரித்து உள்ளே அனுமதித்த நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் அதிகாரிகள்தான் வந்தவர்களின் பெயர்களை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை இந்த நாடு முழுக்கப் புழங்குகிறது. அது உண்மையல்ல. அங்கே இருந்தவர்கள் கப்பல் நிறுவனம் கொடுத்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் வேலைக்காகவும் வசதிக்காகவும் தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள்.

வெளியிலிருந்து அழுத்தமே இல்லை என்று சொல்லவில்லை. 1914இல் கார் நிறுவன முதலாளி ஹென்றி ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்தபோது, அதை முழுதாகப் பெற வேண்டுமானால் தொழிலாளி வீட்டை எப்படி வைத்திருக்கிறார், எப்படி வாழ்கிறார் என்று பார்க்க ஆட்கள் வருவார்கள். மிச்சிகன் மாநிலம் ஹைலண்ட் பார்க்கில், குடியேறிய தொழிலாளர்களுக்காக இருந்த ஃபோர்டு ஆங்கிலப் பள்ளியின் பட்டமளிப்பு விழாவில், மேடையில் ஒரு பிரம்மாண்டமான அண்டாவை வைத்தார்கள். தொழிலாளர்கள் சொந்த நாட்டு உடையில் அதற்குள் இறங்கி, கோட்டு சூட்டோடு அமெரிக்கக் கொடியை அசைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வந்தவர்களை எல்லாம் உருக்கி ஒரே அமெரிக்கராக வார்ப்பது என்பதை மேடையிலேயே நடத்திக் காட்டினார்கள்.

இன்று அப்படி யாரும் அண்டா வைப்பதில்லை. அதனால்தான் எதை விடுகிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது. மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று பெயரைச் சுருக்குகிறோம். பிள்ளை கூச்சப்படுகிறாளே என்று பள்ளி வாசலில் தமிழை நிறுத்துகிறோம்.

பிள்ளையின் தமிழைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டு ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைப் பின்தங்கிய வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து பலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாம், உண்மையை எழுதுங்கள். பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதிப்பார்கள், தேவைப்பட்டால் கூடுதல் உதவி தருவார்கள், கட்டணம் கிடையாது. வேண்டாம் என்று மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீனப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு அந்த உதவி பள்ளியின் கடமையாயிற்று.

என் மகள் காப்பகத்தில் சேர்ந்த ஆறே மாதத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினாள். வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், இல்லாவிட்டால் குழம்பிப்போவாள் என்றார் அங்கிருந்த ஓர் ஆசிரியை. நம்பி ஒரு வருடம் அப்படியே செய்தோம். அந்த வருடத்தின் முடிவில், போனில் பாட்டி 'சாப்பிட்டியா கண்ணு' என்று கேட்டால், என்ன சொல்வதென்று தெரியாமல் போனை என்னிடம் நீட்டினாள். இன்றுவரை எனக்கு ஆறாத வருத்தம் அது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுக் கெடுவதில்லை. வேறு யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் பணிவாகக் கேட்டுக்கொண்டு தமிழிலேயே பேசுங்கள். பிள்ளை 'வாட்டர்' என்றால், 'தண்ணி வேணுமா? இந்தா' என்று கொடுங்கள். தமிழில் சொன்னால்தான் தருவேன் என்று அடம்பிடிக்காதீர்கள், தமிழ் தண்டனையாகிவிடும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளி பெரும்பாலான பெரிய ஊர்களில் இருக்கிறது. கலிபோர்னியாத் தமிழ்க் கழகம் 1998இலேயே தொடங்கியது. நாம் இப்படி நிம்மதியாகப் பள்ளி நடத்துவதற்குப் பின்னால் ஜெர்மன் கற்பித்த ஓர் ஆசிரியர் இருக்கிறார். எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு அந்நிய மொழி கற்பிக்கக் கூடாது என்று 1919இல் நெப்ராஸ்காவில் சட்டம் போட்டார்கள். பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொடுத்த ராபர்ட் மேயருக்கு 25 டாலர் அபராதம். அவர் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போய் 1923இல் வென்றார். பல மாநிலங்களில் இப்போது இரண்டாம் மொழித் திறமைக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழில் முத்திரையே கொடுக்கிறார்கள். பதின்ம வயதில் பிள்ளை தமிழ் வகுப்புக்கு வர மறுக்கும்போது அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. சாதியைக் கொண்டுவராதீர்கள். புதிதாக வந்தவரிடம் ஊர், தெரு, கோயில் என்று சுற்றி வளைத்து விசாரிப்பதை இங்கேயும் பார்த்திருக்கிறேன், மனம் கூசுகிறது. சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. இங்கே வந்து அப்படி ஒரு சட்டம் தேவைப்பட வைத்தவர்கள் நம் நாட்டிலிருந்து வந்தவர்கள்தான். அதேபோல, ஆண்கள் பாத்திரம் தேய்ப்பது, மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பது, கூட்டத்தில் கருத்து இருந்தால் அப்போதே சொல்வது, இதையெல்லாம் தயங்காமல் பழகிக்கொள்ளுங்கள். நன்றி நவிலும் நாளில் பக்கத்து வீட்டார் கூப்பிட்டால் போங்கள், பொங்கலுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள்.

பல வருடம் கழித்து ஒருநாள் குடியுரிமைக்கான என்-400 படிவத்தை நிரப்புவீர்கள். அதில் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். எஃப்.என்.யு. சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். நான் நிரப்பியபோது மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாத்தா பெயரை விரலால் தொட்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.